ஒற்றைப்படைத் தேதியில் சாகும் பேட்டரி

ஜூன் 3, செவ்வாய்

ஒற்றைப்படைத் தேதி, என் முறை. காலை எட்டே காலுக்குச் சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு மினுங்கக்கூட இல்லை. பதினெட்டு உதை உதைத்தேன். எண்ணிக்கொண்டுதான் உதைத்தேன். பத்தொன்பதாவதற்குக் கால் வரவில்லை. பஸ் பிடித்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை.

ஏப்ரல் கடைசியிலிருந்து இது ஏழாவது தடவை. ஏழும் ஒற்றைப்படைத் தேதி. இரட்டைப்படையில் இந்த வண்டி ஒருநாளும் அடம் பிடித்ததில்லை. அதனால்தான் என் மனைவி மங்கை வாங்கி ஒரு பக்கமும் எழுதாமல் வைத்திருந்த இந்த டைரியை எடுத்துக்கொண்டேன். எழுதி வைத்தால்தான் நிரூபிக்க முடியும்.

பின்னால் யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதால் சொல்லிவிடுகிறேன். வண்டி மாமனாருடையது. தொண்ணூற்றொன்றாம் வருட மாடல், நிறுத்தி ஸ்டாண்ட் போட இரண்டு ஆள் பலம் வேண்டும். மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மங்கையர்க்கரசியை நான் கட்டினேன். இளையவள் திலகவதியைக் குற்றாலிங்கம் கட்டினார். சங்கரன்கோவில் வீட்டில் கீழே நாங்கள், மாடியில் அவர்கள். மாமனார் வீட்டைப் பிரித்துக் கொடுத்தார். வண்டியைப் பிரிக்க வழி தெரியவில்லை. ஒற்றைப்படைத் தேதி மூத்த மருமகனுக்கு, இரட்டைப்படைத் தேதி இளைய மருமகனுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வந்து எனக்கு இரண்டு நாள் சேர்ந்து கிடைக்கிறது என்று ஓர் ஆட்சேபம் வந்தது. அதிலிருந்து முப்பத்தொன்றாம் தேதி வண்டிக்கு ஓய்வு. ஆட்சேபித்தவர் யார் என்று எழுத வேண்டியதில்லை.

ஜூன் 4, புதன்

நேற்று மாலையே பேட்டரியைக் கழற்றி மெக்கானிக் இசக்கி கடையில் சார்ஜ் போட்டு மாட்டிவிட்டேன். அரைகுறையாக ஒப்படைத்தான் என்று பேர் வரக்கூடாது. இன்று சகலைக்கு இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. படி இறங்கும்போது பக்கத்தில் நின்ற என்னைக் கண்டும் காணாமல் போனார். ஜனவரியிலிருந்து இப்படித்தான்.

ஜூன் 5, வியாழன்

மறுபடியும் செத்துக் கிடக்கிறது. முழு பேட்டரி, ஒரே நாளில் காலி.

உதைத்துக் களைத்து உட்கார்ந்திருந்தபோது மங்கை காபியோடு வந்தாள்.

"நீங்களும் அவுகளும் வாயத் திறந்து பேசப் போறதில்ல. வண்டி ஒருத்தருக்கும் ஒதவாம நிக்கு. இந்த மாசம் முப்பதாந் தேதிக்குள்ள எதனாலன்னு கண்டுபிடிச்சு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. இல்லன்னா நானும் திலகாவும் அத வித்துட்டு ஆளுக்கொரு கம்மல் எடுத்துக்கிடுவோம்."

"அவர் தப்புன்னு நிரூபிச்சா?"

"நிரூபிச்சா முப்பது நாளும் நீங்களே ஓட்டுங்க."

காபி நன்றாக இருந்தது.

ஜூன் 7, சனி

ஜனவரி விஷயத்தையும் எழுதிவிடுவதுதான் நியாயம். குற்றாலிங்கம் ரத வீதியில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். நான் எடையளவு முத்திரை ஆய்வாளர். கடைகளில் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஜனவரியில் ஒரு பெண்மணி புகார் கொண்டுவந்தார். ஒரு கிலோ முந்நூற்று அறுபது கிராம் உள்ள குத்துவிளக்குக்கு, ஒரு கிலோ எண்ணூற்று அறுபது என்று பில். கடைப் பெயரைப் பார்த்தேன். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். சொந்தக்காரனை விட்டுவிட்டான் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக நானே போனேன்.

தராசில் ஒரு கிராம் வித்தியாசம் இல்லை. மூன்றை எட்டு என்று படித்துவிட்டேன் அண்ணாச்சி என்றார். இருபது வருடமாக எடை போடுகிறவர் மூன்றையும் எட்டையும் குழப்புவாரா? கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "தராசு சரியாத்தான் இருக்கு. ஆள்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றோடு பேச்சு நின்றது. உண்மையைச் சொன்னவன் மேல் கோபித்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

இன்று ஒரு மல்டிமீட்டரும், பேட்டரித் தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றும் வாங்கினேன். குழாய்க்குள் மிதவை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போய்விட்டது.

ஜூன் 9, திங்கள்

பேட்டரி சாவதற்கு மூன்றே வழிதான். பேட்டரியே கெட்டிருக்க வேண்டும். அல்லது சார்ஜ் ஏறாமல் இருக்க வேண்டும். அல்லது நிறுத்தி வைத்த வண்டியில் எங்காவது மின்சாரம் கசிய வேண்டும். ஒன்றொன்றாகப் பார்த்தேன்.

பேட்டரியின் ஆறு அறையிலும் அடர்த்தி ஒரே அளவு. இசக்கி தன் கடையில் லோடு கொடுத்துப் பார்த்தார். "இதுக்கு ஒரு கேடும் இல்ல சார், இன்னும் ரெண்டு வருசம் ஒழைக்கும்" என்றார்.

சாவியை அணைத்து, ஒரு முனையைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தேன். பூஜ்யம். ஒரு மில்லி ஆம்பியர்கூடக் கசியவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு முறுக்கினேன். பேட்டரி முனையில் பதினான்கு புள்ளி ஒன்று. அச்சடித்த மாதிரி சரியான அளவு. கீழே மின்சாரம் உண்டாக்கும் சுருளிலிருந்து வரும் ஒயர்கள், ரெக்டிஃபையர், சேசிஸில் எர்த் பிடிக்கும் போல்ட் எல்லாவற்றையும் பார்த்தேன். போல்ட்டில் மட்டும் கொஞ்சம் துரு இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினேன். முறுக்கும்போதே இது காரணம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

மூன்று வழியும் அடைபட்டுவிட்டன. ஆனாலும் பேட்டரி சாகிறது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எனக்கு இதில் சந்தோஷமாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

செத்துக் கிடந்தது. பதினொன்று புள்ளி எட்டு வோல்ட்.

நான்காவது வழி ஒன்று தோன்றியது. சகலை கடையில் பேட்டரியைக் கழற்றி வேறெதற்கோ பயன்படுத்துகிறார். கரண்ட் போனால் விளக்குப் போடலாம். அதைப் பிடிக்கும் வித்தை எனக்குத் தெரியும், என் தொழிலே அதுதான். ஆபீஸில் முத்திரை வைக்கும் ஈயத்தை வீட்டுக்கு எடுத்து வருகிறவன் நான் இல்லை. பேட்டரியைச் சார்ஜ் போட்டு மாட்டி, தையல் நூலால் பெட்டியைக் கட்டி, முடிச்சில் மெழுகு ஊற்றி, என் மோதிரத்தால் அழுத்தி முத்திரை வைத்தேன்.

மங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "சகலைக்கே சீல் வச்சுட்டீங்க, இனி பேட்டரிக்கு வச்சா என்ன" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

முத்திரை அப்படியே இருக்கிறது. பேட்டரி காலி.

அப்படியானால் வண்டி ஓடும்போதுதான் காலியாகிறது. ஓட ஓடத்தானே பேட்டரி நிறைய வேண்டும்? ஒரு தராசு தன் எடையைத் தானே தின்றது போல இருக்கும் இதை அலுவலகத்தில் நாள் முழுக்க யோசித்தேன். ஒரு வியாபாரி கொண்டுவந்த படிக்கல்லில் முத்திரையைத் தலைகீழாக அடித்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டியைக் கழுவினேன். பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கின் மூடி நடுவில் உருகிப்போய் உள்ளே குழிந்திருந்தது. தீ எதுவும் படவில்லை. உள்ளே எரியும் பிரேக் பல்பின் சூட்டில் உருகியிருக்கிறது. பிரேக் பல்பு மிதிக்கும்போது எரியும், காலை எடுத்தால் அணையும். மூடி உருகும் அளவுக்கு எரிய வேண்டுமானால் விடாமல் எரிந்திருக்க வேண்டும்.

பிரேக் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டதோ என்று பார்த்தேன். இருபது தடவை மிதித்தேன். இருபது தடவையும் எரிந்தது, இருபது தடவையும் அணைந்தது. பின்சக்கரத்தைக் கழற்றினால், பங்குனியில் போட்ட பிரேக் கட்டை தேய்ந்து தகடாகிவிட்டது. ஹாரன் பொத்தானுக்குள் இருக்கும் பித்தளை கருகியிருந்தது.

கோமதி மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் குத்த வைத்தாள். திலகாவின் மகள், ஏழாம் வகுப்பு. பெரியவர்கள் சண்டை அவளுக்குக் கணக்கில்லை.

"பெரியப்பா, ஹெட்லைட்டும் இந்த பேட்டரிலேர்ந்துதான் எரியுமா?"

"ஆமா. சில வண்டில நேரா எஞ்சின்லேர்ந்து எரியும். நம்ம வண்டில எல்லாமே பேட்டரிதான்."

"பகல்ல போட்டாலும் தீந்துருமா?"

"பகலா ராத்திரியான்னு பேட்டரிக்குத் தெரியுமா?"

அவள் சிரிக்கவில்லை. உருகிய மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப எங்களாலதானா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 16, திங்கள்

காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு வண்டி கிளம்பியது. கோமதி பின்னால். பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர், எட்டே முக்காலுக்குத்தான் மணி அடிக்கும். எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று மங்கையிடம் கேட்டேன்.

"இரட்டைப்படைன்னா அப்படித்தான் போறா. இட்லியக்கூட டப்பால வாங்கிட்டு ஓடுதா. பஸ்ல போற அன்னைக்கு எட்டு மணி வரைக்கும் தல வாரிக்கிட்டு நிப்பா."

குறித்துக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

மதியச் சாப்பாட்டு வேளையில் கணக்குப் போட்டேன். முன்விளக்கு நாலரை ஆம்பியர். பிரேக் விளக்கு ஒன்றே முக்கால். எஞ்சினுக்குப் பொறி கொடுக்க இரண்டு. ஹாரன், பின்விளக்கு எல்லாம் சேர்த்தால் ஒன்பதுக்குக் கிட்டே வருகிறது. நல்ல வேகத்தில் போனால் எஞ்சின் அதைவிட அதிகமாகவே கொடுக்கும். முதல் கியரில் நடக்கிற வேகத்தில் போனால் ஐந்துகூட வராது. மீதியைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். வீடு, பள்ளிக்கூடம், கடை என்று போய்வர அவருக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் அப்படிப் போனால் பேட்டரி காலி. விடை வந்துவிட்டது.

ஆனால் வெயிலில் விளக்கைப் போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே, ஹாரன் அடித்துக்கொண்டு, முதல் கியரில் பதினான்கு கிலோமீட்டர் போகிற மனிதன் எந்த ஊரில் இருக்கிறான்? என் பேட்டரியைக் கொல்ல வேண்டும் என்பதற்காக ஒருவன் தன் ஆயுளில் ஒன்றரை மணி நேரத்தைச் செலவழிப்பானா? குற்றாலிங்கம் செய்வார் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

சோதித்துப் பார்க்காத கணக்கு கணக்கே இல்லை. காலையில் முழு சார்ஜ். பன்னிரண்டு புள்ளி ஏழு. விளக்கைப் போட்டுக்கொண்டு, பிரேக்கை லேசாக மிதித்தபடி, முதல் கியரில் கிளம்பினேன்.

ரத வீதி முழுக்க என்னைப் பார்த்தது. டீக்கடையில் ஒருவர் எழுந்து வந்து, "என்ன சார், கால்ல எதுவும் அடியா?" என்றார். ஒரு சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். டீக்கடை ரேடியோப் பாட்டைத் தவிர எல்லாமே என்னைத் தாண்டிப் போயின. பதினான்கு கிலோமீட்டருக்கு ஒரு மணி நாற்பது நிமிடம்.

வீட்டுக்கு வந்து மீட்டரை வைத்தேன். பதினொன்று புள்ளி ஒன்பது. சாவியை அணைத்துத் திரும்ப உதைத்தால் எடுக்கவில்லை.

ஆக, வண்டி சரி. ஆள்தான்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். இதே வாக்கியத்தை நான் முன்பே ஒருதடவை சொல்லியிருக்கிறேன். இப்படி ஓட்டுவது எப்படி இருக்கிறது என்று இன்று என் கைகால்களுக்குத் தெரியும். வம்புக்காரன் இப்படி ஓட்ட மாட்டான். பயந்தவன்தான் ஓட்டுவான்.

எதற்குப் பயம்?

ஜூன் 24, செவ்வாய்

எதிர்வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்கே தெருமுனையில் நின்றேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மோட்டார் சைக்கிளைச் சைக்கிளில் பின்தொடர்ந்தேன், மூச்சுக்கூட வாங்கவில்லை.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. முன்விளக்கு எரிந்தது. பின்னால் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. கோமதி புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கைகள் அப்பாவின் தோளில். இடது பக்கம் ஆட்டோ நெருங்கினால் இடது தோளில் தட்டினாள். வலது பக்கம் பஸ் வந்தால் வலது தோளில் இரண்டு தட்டு. ஓர் ஆடு குறுக்கே இறங்கியபோது சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். வண்டி நின்றது. ஆடு போன பிறகு முதுகில் ஒரு தட்டு. வண்டி நகர்ந்தது.

பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கிவிட்டுக் குற்றாலிங்கம் வண்டியைத் திருப்பினார். நான் அவருக்கு இடது பக்கம் நின்றேன். மறைந்தெல்லாம் நிற்கவில்லை. ஒரு முழ இடைவெளியில் என்னைத் தாண்டிப் போனார். கைப்பிடி என் சைக்கிள் மணியை உரசியது. ஹாரன் அடித்தாரே தவிர முகத்தைத் திருப்பவில்லை. படியில் ஆறு மாதமாக என்னைக் கண்டும் காணாமல் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோமதி என்னைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள்.

"அம்மாட்ட சொல்லிராதீங்க பெரியப்பா."

"எப்பலேர்ந்து இப்படி?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுலேர்ந்து நான் தட்டுதேன். நேரா இருக்கதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். சைடுல இருக்கதுதான் தெரியாது. லைட்ட போட்டா எதிர்ல வாரவங்க ஒதுங்கிப் போவாங்கன்னு லீவுலயே போடச் சொன்னதும் நான்தான். அது பேட்டரியத் தின்னும்னு எனக்குத் தெரியாது."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு."

"பின்ன ஏன் ஏறுத? பஸ்ல போயிரலாம்ல?"

"நான் ஏறாட்டா அப்பா தனியால்லா போவாங்க. எறங்குன பெறகு கடை வரைக்கும் தனியாத்தான் போறாங்க. பாதி தூரமாவது நான் இருக்கட்டும்னுதான் ஏறுதேன்."

மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள். நான் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 25, புதன்

ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பாத்திரக் கடைக்குப் போனேன். மதிய நேரம், வேறு யாரும் இல்லை. குற்றாலிங்கம் நிமிர்ந்தார்.

"வாங்க, என்ன பாக்கணும்?"

"நான்தான் சகலை."

குரலைக் கேட்டு எழுந்துவிட்டார். "தராசப் பாக்கணுமா அண்ணாச்சி? பாத்துக்கிடுங்க."

"நேத்து பள்ளிக்கூட வாசல்ல நின்னேன்."

அவர் ஒரு செம்பை எடுத்துத் துணியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"ஓரமெல்லாம் இருட்டிட்டு வருது அண்ணாச்சி. போன வருசம் லேசா இருந்துச்சு. கண்ணாடிய ரெண்டு தடவ மாத்துனேன். நடுவுலயும் இப்பப்ப ஓட்ட விழுந்த மாதிரி இருக்கு. ஒரு நம்பரப் பாத்தா பாதிதான் தெரியும், மிச்சத்த நானா நெனச்சுக்கிடுதேன்."

மூன்றும் எட்டும். ஏழெட்டுப் பேர் முன்னால் இந்த மனிதனை என்ன சொன்னேன் என்பதை இங்கே இரண்டாவது தடவை எழுத எனக்குத் தெம்பில்லை.

"டாக்டர்ட்ட போனீங்களா?"

"போகல. அவர் ஒண்ணு சொல்லிட்டார்னா அது உண்மையாயிரும்லா. கண்ணு தெரியாதவன் எடை போடுத கடைல எவன் வாங்குவான்? ஏற்கெனவே..." என்றார். எனக்காகத்தான் நிறுத்தினார்.

வண்டியைத் தொடாதீர்கள் என்றேன். திடீரென்று விட்டால் திலகா ஏன் என்று கேட்பாள் என்றார். முப்பதாம் தேதி சபையில் நான் சொல்லிவிடக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கொடுத்துவிட்டேன். இந்த மாதம் முழுக்க நான் தேடிய ஆதாரம் கையில் கிடைத்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

விடிந்ததும் பேட்டரியைக் கழற்றி எங்கள் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

ஏழு மணிக்குத் திலகா இறங்கி வந்தாள். "என்ன அத்தான் இது, இன்னைக்கு எங்க முறைல்லா?"

"ரிப்பேர் பாக்கணும்."

"ஒங்க நாள்ல பாக்க வேண்டியதுதான?"

பீரோச் சாவியை இடுப்பில் இன்னும் உள்ளே செருகிக்கொண்டேன். மங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் தங்கை முன்னால் என்னை இவ்வளவு பேசியது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. குற்றாலிங்கம் படியில் கைப்பிடிச் சுவரைத் தடவியபடி நின்றார். கோமதி மட்டும் என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் தலையை ஆட்டினாள். எட்டு மணி வரை தலை வாரிவிட்டு பஸ்ஸில் போனாள்.

ஜூன் 27, வெள்ளி

ரசத்தில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

ஜூன் 28, சனி

பேட்டரியைத் தரவில்லை. நான் மனிதனே இல்லை என்று திலகா மாடியிலிருந்து கீழே கேட்கும்படி சொன்னாள். ஒரு மாதத்துக்கு முன் நானும் அவள் புருஷனைப் பற்றி இதே சத்தத்தில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 30, திங்கள்

மாலை ஐந்து மணிக்கு எங்கள் முன்னறையில் எல்லாரும் உட்கார்ந்தோம். மங்கை, திலகா, குற்றாலிங்கம், ஓரத்தில் கோமதி.

"சொல்லுங்க. எதனால சாகுது?" என்றாள் மங்கை.

டைரியைக் கொண்டுபோகவில்லை. முந்தின நாள் முழுக்க மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். "வண்டில கோளாறு இல்ல. நான்தான் ரெண்டு மாசமா ஒரு ஒயரக் கழட்டி விட்டுக்கிட்டு இருந்தேன். சகலை மேல பழி விழட்டும்னு செஞ்சேன். வண்டிய வித்துருங்க."

முப்பது வருட சர்வீசில் ஒரு கிராமைக்கூட மாற்றி எழுதாத வாய். சொல்லி முடித்தபோது காதெல்லாம் சூடாக இருந்தது. திலகா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மங்கை தரையைப் பார்த்தாள். அவள் நம்பிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குற்றாலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"எந்த ஒயர் அண்ணாச்சி?"

நான் முழித்தேன். அதை யோசித்து வைத்திருக்கவில்லை.

"அண்ணாச்சிக்குப் பொய் சொல்லத் தெரியல" என்றார் அவர். சுற்றிப் பார்த்துத் திலகா உட்கார்ந்திருந்த பக்கம் கண்டுபிடித்து முகத்தைத் திருப்பினார். "எனக்குக் கண்ணு தெரியல திலகா. பாதிக்கு மேல போயிட்டு. இந்தப் பிள்ளதான் என்னைய கூட்டிட்டுப் போச்சு, கூட்டிட்டு வந்துச்சு."

கோமதி அதுவரை அழுது நான் பார்த்ததில்லை. அன்று அவள் அழுததை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. திலகா எழுந்து போய்ப் புருஷனின் கண்ணாடியைக் கழற்றினாள், தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள், மறுபடி போட்டுவிட்டாள். அதனால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும்.

மங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இனிமே எங்கிட்ட இப்படி நடிக்காதீங்க" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்கு நானும் குற்றாலிங்கமும் திலகாவும் பஸ்ஸில் போனோம். ஓர் இருட்டு அறையில் அவரை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கிண்ணத்துக்குள் அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும், தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். என்னை வாசலில் நிற்க விட்டார்கள். அளவெடுக்கிற எந்திரம் எதைப் பார்த்தாலும் எனக்குக் கால் நகராது. வெளிச்சம் எத்தனை வருகிறது, எத்தனை தடவை அழுத்துகிறார் என்று மனதுக்குள் கணக்கு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கணக்கை நிறுத்திவிட்டேன். வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது, பொத்தான் சத்தம் வரவில்லை.

டாக்டரம்மா காகிதத்தைக் காட்டினார். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வட்டம், அதில் போன இடமெல்லாம் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறதாம். போனது வராது. சொட்டு மருந்தை ஒருநாள்கூட விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

"அளவுல எதுவும் தப்பு இருக்கும் டாக்டர். இன்னொரு தடவ எடுத்துப் பாருங்க" என்றேன்.

கடை கடையாக வியாபாரிகள் என்னிடம் சொல்கிற வார்த்தை அது. நான் ஒருநாளும் கேட்டதில்லை. டாக்டரம்மா கேட்டார். இடது கண்ணை மட்டும் மறுபடி எடுத்தார்கள். இரண்டாவது காகிதமும் முதல் காகிதம் மாதிரியே வந்தது.

திலகா மருந்து வாங்கப் போனாள். நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். குற்றாலிங்கம் காகிதத்தை என் மடியில் வைத்தார்.

"டாக்டரம்மா பக்குவமாச் சொல்லுதாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல. எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நம்பர் போட்டிருக்குமாம். நீங்க படிங்க. முப்பதாந் தேதி சொன்ன மாதிரி சொல்லிராதீங்க."

"வலது கண்ணுல நூத்துக்கு அறுபத்தி ரெண்டு."

"பரவால்லயே. இடது?"

முப்பது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு பேச்சுக்குத்தானே, இரண்டில் என்ன போய்விடும் என்று இருந்தது.

"இருபத்தெட்டு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் கை எங்கே இருக்கிறது என்று பெஞ்சில் தேடினார். நான் எடுத்துக் கொடுத்தேன்.